கிறிஸ்துகுல ஆசிரமம்

சவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் இடைப்பட்ட திருப்பத்தூரில் 1921இல் தொடங்கப்பட்ட கிறிஸ்தவ ஆசிரமம். நிறுவியவர்கள் இரு மருத்துவர்கள்: தமிழரான சவரிராயன் இயேசுதாசன், ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். மக்களுக்கு இவர்கள் பெரியண்ணன், சின்னண்ணன். வெள்ளையர் தலைமை தாங்க இந்தியர் கீழ்ப்படிவதே மிஷன் வழக்கமாக இருந்த காலத்தில், இங்கே தமிழர் மூத்தவர், ஐரோப்பியர் இளையவர். பிரசங்கத்தைவிட இந்த வரிசையே உரக்கப் பேசியது எனலாம்.

விசுவாசம் செயலில் தெரிய வேண்டும் என்பது இருவரின் கொள்கை. திருமணம் செய்துகொள்ளாமல், கதர் உடுத்தி, எளிய வாழ்க்கை வாழ்ந்து, சுற்றுக் கிராமத்து ஏழைகளுக்கு மருத்துவமனை நடத்தினர். ஆசிரமத்தின் ஜெபாலயம் திராவிடக் கோயில் பாணியில் கட்டப்பட்டது. மேலைநாட்டு தேவாலயங்களின் சாயல் அதில் இல்லை.

பேட்டன் காந்தியிடம் ஈடுபாடு கொண்டவர். 1932இல் அந்நியத் துணி மறியல் நடந்த சென்னைத் தெருவில் நின்றபோது போலீசார் அவரை அடித்து, சாயநீரைப் பீய்ச்சினர். வெள்ளைக்காரரே தாக்கப்பட்ட இச்செய்தி பிரிட்டிஷ் நாடாளுமன்றம்வரை சென்றது. ஆசிரமம் அமைந்த, பழைய வடாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருப்பத்தூர், 2019 முதல் தனி மாவட்டத்தின் தலைநகர்.