சட்டம் இல்லாத 22 ஆண்டுகள்: கர்னல் பெட்டோமும் நம்ம தாமிரபரணிக் காடும்

செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு பக்கம் உள்ள காடுகளில் செங்குறிஞ்சி என்று ஒரு மரம் உண்டு. கேரளத்தின் செந்துருணி சரணாலயத்துக்கு அந்தப் பேர் வந்ததே இந்த மரத்தால்தான். தாவர நூல்களில் இதைக் குளூட்டா திருவாங்கூரிக்கா என்பார்கள். அதற்குப் பின்னால் ‘பெட்.’ என்று ஒரு வால் இருக்கும். முதலில் விவரித்துப் பேர் வைத்தவரின் சுருக்கம் அது. நம்ம பக்கத்து மலைத் தாவரப் பட்டியல்களைப் புரட்டினால் இந்த ‘பெட்.’ திரும்பத் திரும்பக் கண்ணில் படும்.

அவர்தான் ரிச்சர்டு ஹென்றி பெட்டோம். சென்னை மாகாணத்தின் மொத்தக் காட்டுக்கும் தலைமை வகித்தவர். அவருடைய தாவரவியலைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் இங்கே எழுத வந்தது அவர் பார்த்த வேலையைப் பற்றி. அந்த வேலையில் அவர் காலத்தில் முடியாமல் நின்ற ஒரு பாக்கி இன்றைக்கும் மாஞ்சோலையில் இருக்கு.

பெட்டோம் பிறந்தது 1830. இங்கிலாந்தில் வக்கீல் குடும்பம். சட்டம் படிக்கத்தான் முதலில் அனுப்பினார்கள். பையனுக்கு அது ஒட்டவில்லை. 18 வயதில் கம்பெனிப் படையில் சேர்ந்து இந்தியா வந்துவிட்டார். 1856-இல் சென்னை மாகாணத்தில் காட்டுத்துறை தொடங்கி, ஹியூ கிளெக்ஹார்ன் என்ற டாக்டரை அதற்குத் தலைவராகப் போட்டார்கள். அவருக்கு உதவியாளராகப் போனவர் பெட்டோம். 1860-இல் தலைமை அவரிடம் வந்தது. 1882-இல் ஓய்வு பெற்றார்.

துறை ஏன் வந்தது என்பதையும் பார்க்கணும். 1856-இல்தான் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் ஓடியது. தண்டவாளத்துக்கு அடியில் போட ஸ்லீப்பர் கட்டை வேணும், எஞ்சினுக்கு விறகு வேணும், கப்பலுக்குத் தேக்கு வேணும். காண்ட்ராக்டர்கள் கண்ட இடத்தில் வெட்டினார்கள். இப்படியே போனால் மரம் மிஞ்சாது என்ற கணக்கில் பிறந்த துறை இது. புலி, யானை, சிங்கவால் குரங்கெல்லாம் அப்போது கணக்கிலேயே கிடையாது. 1876-இல் ரயில் திருநெல்வேலிக்கே வந்து சேர்ந்தது. விறகுத் தேவையும் கூடவே வந்தது.

இந்த வேலைக்கு நடுவில் பெட்டோம் செய்தது அசாத்தியம். தென்னிந்தியப் பெரணிகளுக்கு ஒரு புத்தகம். காட்டு மரங்களுக்கு 300-க்கு மேற்பட்ட படங்களோடு ‘ஃப்ளோரா சில்வாட்டிகா’. மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகளில் பல இனங்களை முதலில் விவரித்தவரும் அவர்தான். நம்ம மலைகளில் கட்டை விரல் நகத்தில் உட்காரும் அளவுக்கு ஒரு தவளை இருக்கு. 1882-இல் பூலஞ்சர் அதை விவரித்தபோது பெட்டோம் பேரைத்தான் வைத்தார். அதுவும் அவர் ஓய்வு பெற்ற அதே வருஷம்.

அந்த வருஷத்தில் இன்னொன்றும் நடந்தது. சென்னை வனச் சட்டம் நிறைவேறியது. அதாவது, தலைமைப் பொறுப்பில் அவர் இருந்த 22 வருஷமும் சென்னை மாகாணக் காட்டுத்துறைக்கு என்று தனியாக ஒரு வனச் சட்டம் இல்லை. எது சர்க்கார் காடு, எது ஊர்க் காடு என்று சட்டப்படி தீர்த்துச் சொல்ல வழியில்லை. எல்லாம் அரசாணையிலும் கலெக்டர் தயவிலும் நடந்தது.

ஏன் வரவில்லை? 1878-இல் இந்திய வனச் சட்டம் வந்தபோது சென்னை அதில் சேரவில்லை. தடுத்தது வேறு யாரும் இல்லை, சர்க்காரின் சொந்த ரெவின்யூ போர்டுதான். இங்கே ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடே அனேகமாக இல்லை, மேய்ச்சலும் விறகும் தழையும் எடுக்கும் உரிமை ஊர்க்காரர்களுக்கு ஆதிகாலம் தொட்டு இருக்கு, அதை ஒரு சட்டம் போட்டுத் துடைக்க முடியாது என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்துக்குப் பின்னால் ரெவின்யூக்காரர்கள் தங்கள் அதிகாரத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் ஆசையும் இருந்திருக்கும். ஆனா சொன்ன விஷயம் உண்மை.

இந்த முடிச்சை அவிழ்க்க 1881-இல் டீட்ரிஷ் பிராண்டிஸ் வந்தார். இந்தியக் காடுகளுக்கெல்லாம் தலைமை ஆய்வாளராக இருந்த ஜெர்மானியர். 1882 சட்டம் அந்த முயற்சியில் பிறந்ததுதான்.

இதே காலத்தில் அமெரிக்காவைப் பாருங்க. 1872-இல் யெல்லோஸ்டோனைத் தேசியப் பூங்கா என்று சட்டம் போட்டார்கள். முதல் கண்காணிப்பாளர் லாங்ஃபோர்டுக்குச் சம்பளமே கிடையாது. அங்கே சட்டம் இருந்தது, சம்பளம் இல்லை. இங்கே சம்பளம் இருந்தது, சட்டம் இல்லை. இரண்டு இடத்திலும் விட்டுப்போன கேள்வி ஒன்றே: ஏற்கெனவே அங்கே இருக்கும் மக்களுக்கு என்ன உரிமை?

1882 சட்டத்தில் இரண்டு பிரிவுகளை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். 4-ஆவது பிரிவில் ‘இந்த இடத்தைக் காப்புக்காடு ஆக்கப்போகிறோம்’ என்று அரசு அறிவிக்கும். பிறகு ஒரு அதிகாரி, உரிமை இருப்பவர்கள் கெடுவுக்குள் வந்து சொல்லுங்கள் என்று உள்ளூர் மொழியில் அறிவிப்புக் கொடுத்து, வருகிற ஒவ்வொரு கோரிக்கையையும் விசாரிக்கணும். எல்லாம் தீர்ந்த பிறகுதான் 16-ஆவது பிரிவில் ‘இது காப்புக்காடு’ என்று முடிவான அறிவிப்பு. இந்த இரண்டுக்கும் இடையில் நடப்பதுதான் காட்டை நிர்வகிப்பதில் கஷ்டமான வேலை. மரத்தை எண்ணுவதும் பெரணிக்குப் பேர் வைப்பதும் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

இப்போ தாமிரபரணிக்கு வருவோம். இந்த ஆறு பொதிகையில் பிறந்து 130 கிலோமீட்டருக்குள் கடலில் சேர்ந்துவிடுகிறது. பழைய திருநெல்வேலி ஜில்லாவைத் தாண்டாத ஆறு. எட்டு அணைக்கட்டில் ஏழு வெள்ளைக்காரனுக்கு முந்தியவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் பெட்டோம் பதவியில் இருந்த காலத்தில் கட்டியது. ஆகவே மேலே காட்டை யார் ஆள்கிறாரோ, அவர் கையில்தான் கீழே கார், பிசானம் இரண்டு போகமும். நம்ம ஊரில் காட்டு அதிகாரி என்பவர் பாதி தண்ணீர் அதிகாரி.

ஆனால் அந்தத் தண்ணீர் பிறக்கும் மலையில் ஒரு பெரிய துண்டு சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தம். 1929-இல் ஜமீன் அதிலிருந்து 8,373 ஏக்கரைப் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எல்லாம் அப்படி வந்த தோட்டங்கள். 1952-இல் ஜமீன் போய்க் காடு அரசிடம் வந்தது. குத்தகை மட்டும் போகவில்லை.

காட்டைச் சுற்றிப் புதுப் பேர்கள் வந்துகொண்டே இருந்தன. 1962-இல் முண்டந்துறை புலிகள் சரணாலயம். 1976-இல் சிங்கவால் குரங்குக்காகக் களக்காடு சரணாலயம். 1988-இல் இரண்டும் சேர்ந்து களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1995-இல் உலக வங்கிப் பணத்தில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. அடிவார கிராமங்களில் குழு அமைத்து, சிறுகடன் கொடுத்து, விறகுக்கு மலையேறுபவர்களுக்கு வேறு பிழைப்பு காட்டினார்கள். வனத்துறை தடியைக் கீழே வைத்துவிட்டு ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசிய காலம் அது. நல்ல வேலை என்றே சொல்வேன்.

அந்தப் பேச்சு நடந்ததெல்லாம் அடிவாரத்தில். மேலே தோட்டத்தில் நாலு தலைமுறை தேயிலை கிள்ளியவர்கள் புலிகள் காப்பகத்துக்கு நடுவில் ஒரு கம்பெனியின் ஆட்களாகவே இருந்தார்கள். 1999 ஜூலை 23-இல் கூலி கேட்டுக் கொக்கிரகுளத்துக்கு ஊர்வலம் வந்தபோது 17 பேரை ஆற்றில் இழந்தவர்களும் அவர்கள்தான்.

2018-இல் சிங்கம்பட்டிக் காட்டைக் காப்புக்காடு என்று அரசு முடிவாக அறிவித்தது. எந்தப் பிரிவில் தெரியுமா? அதே 1882 சட்டத்தின் 16-ஆவது பிரிவில். பெட்டோம் மூட்டை கட்டிய வருஷம் வந்த சட்டம், 136 வருஷம் கழித்து அந்த மலைக்கு வந்து சேர்ந்தது. 2028-இல் குத்தகை முடிகிறது. அதற்கு முன்னாலேயே, 2024-இல், கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்துக் கணக்கை முடித்தது. வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். வழக்கு நீதிமன்றம் போனது.

2006 வன உரிமைச் சட்டத்தில் ஒரு கணக்கு இருக்கு. பழங்குடி அல்லாதவர் காட்டு உரிமை கேட்க 2005 டிசம்பர் 13-க்கு முன் 75 வருஷம் அங்கே குடியிருந்திருக்கணும். 2005-இல் 75-ஐக் கழித்தால் 1930. குத்தகை 1929. முதல் வருஷமே மலையேறிய குடும்பம் அந்தக் கோட்டை ஒரு நூல் இடைவெளியில் தாண்டும். அடுத்த சில வருஷம் கழித்துப் போனவர் தாண்ட மாட்டார். இதுபோக, வாழ்வாதாரத்துக்குக் காட்டையே நம்பியிருந்ததையும் காட்டணும். கம்பெனிச் சம்பளத்தில் இருந்தவர் அதை எப்படிக் காட்டுவார்?

காடு திரும்பக் காடாகணும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தேயிலை போய்ச் சோலை வந்தால் கீழே ஆற்றுக்கு நல்லதுதான். ஆனா காட்டை நிர்வகிப்பவர்களை நான் அளக்கும் கோல் ஒன்றுதான்: 4-க்கும் 16-க்கும் நடுவில் என்ன செய்தார்கள்? பெட்டோமுக்கு அந்தச் சட்டமே கையில் இல்லை, அவரைக் குறை சொல்ல முடியாது. இன்றைக்கு இருப்பவர்களுக்கு அந்தச் சாக்கு இல்லை. மாஞ்சோலைக்காரர்களுக்கு மட்டும் இல்லை, சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, இஞ்சிக்குழி காணிக்காரர்களுக்கும், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு வந்து ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்கும் சனங்களுக்கும் இந்தக் காட்டில் எது பாத்தியதை, எது சலுகை என்பதைத் தெளிவாக எழுதி வைக்கணும். அதைச் செய்கிற அதிகாரியின் பேர் எந்த மரத்துக்குப் பின்னாலும் வராது. வராவிட்டால் என்ன, வேலை அதுதானே.