விலக்கப்பட்டது ஆளா, பணமா? சிறார் காவலும் மெடிக்கெய்டு சட்டத்தின் ஒரு தொடரும்

அமெரிக்காவில் காவலில் இருக்கும் சிறாரின் மனநலச் சிகிச்சைக்கும் போதை மீட்புக்கும், வருமானம் குறைந்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிக்கெய்டின் நிதி கிட்டாதது ஏன் என்பதற்கு ஆய்வுலகில் வேரூன்றிய விடை ஒன்று உண்டு: அரசு நிறுவனத்தில் அடைக்கப்பட்டவரை திட்டத்தைத் தொடங்கிய 1965ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு வெளியே நிறுத்திவிட்டது என்பது. விடுதலைக்குப் பின்னும் சிறார் சிகிச்சையின்றித் தவிப்பதற்கும் இவ்வாசிப்பு சட்டத்தையே காரணம் காட்டுகிறது. அவ்வளவு பாரத்தை அச்சட்டத்தின் விலக்குத் தொடர் தாங்காது.

அத்தொடர் நிற்கும் இடமே முதற்சான்று. யாரைத் திட்டத்தில் சேர்ப்பது என்ற கடமையை, மெடிக்கெய்டு அடங்கிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 1902ஆம் பிரிவு மாநிலங்கள்மேல் சுமத்துகிறது. மருத்துவ உதவி என்பது எது என்பதை 1905ஆம் பிரிவு வரையறுக்கிறது. விலக்குத் தொடர் இருப்பது பின்னதில். அங்கும் அது ஆளை விலக்கவில்லை; அவர் பெறும் சிகிச்சைக்கான செலவுத்தொகையையே விலக்குகிறது. அடுத்த சான்று அதனுள்ளேயே உள்ள புறனடை: அடைக்கப்பட்டவர் மருத்துவ நிறுவனத்தில் நோயாளியாகச் சேர்க்கப்பட்டால் விலக்கு பொருந்தாது. தகுதியற்றவருக்கு எந்த மருத்துவமனையிலும் மெடிக்கெய்டு பணம் தராது. ஆகவே காவலோடு தகுதி அழிந்துவிடுமானால் இப்புறனடைக்குப் பொருளே இராது.

நிர்வாக ஆவணங்களும் இதையே காட்டுகின்றன. தகுதியை நீக்காமல் நிறுத்திவைக்குமாறு கூட்டாட்சி நிர்வாகம் 2004 மே மாதமே மாநிலங்களுக்கு மடல் அனுப்பியது. 21 வயதுக்குட்பட்டோரின் தகுதியைக் காவலைக் காரணம் காட்டி நீக்குவதை 2018ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. தடுக்கச் சட்டம் வேண்டியிருந்ததே, அதற்குமுன் நீக்கம் கட்டாயம் என்பதற்கு அது சான்றல்லவா என்று கேட்கலாம். நீக்கம் அனுமதிக்கப்பட்டிருந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. பழைய கணினி முறைகளில் நிறுத்திவைக்க வழியில்லை என்ற வாதம் நடைமுறையை விளக்கும், சட்டத்தை விளக்காது.

நீக்கத்துக்கும் நிறுத்திவைப்புக்கும் உள்ள இந்த வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு முடிவதன்று. சிக்காகோ அமைந்துள்ள குக் கவுண்ட்டியின் தடுப்புக் காவலில் 1995–98இல் 1,829 சிறாரிடம் நடத்திய ஆய்வில் ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கும், பெண்களில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கும் உளக்கோளாறு ஒன்றேனும் இருந்தது. தடுப்புக் காவல் பெரும்பாலும் நாள்களிலோ வாரங்களிலோ முடிவது. தகுதி நீக்கப்பட்ட சிறுவன் வெளியே வந்ததும் புதிதாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். நிறுத்திவைக்கப்பட்டதென்றால் அதை உயிர்ப்பித்தால் போதும்.

இதனால் விலக்கு தீங்கற்றது என்று ஆகிவிடாது. உள்ளே நடக்கும் சிகிச்சைக்குக் கூட்டாட்சிப் பங்கு கிடைக்காததற்கு அதுவே காரணம். 2022 டிசம்பரில் கையெழுத்தான நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் தொட்டதும் அந்தப் பண விலக்கைத்தான். அதன் 5121ஆம் பிரிவின்படி, 2025 ஜனவரி 1 முதல், தீர்ப்புக்குப் பின் காவலில் உள்ள தகுதியுடைய சிறாருக்கு விடுதலைக்கு முந்தைய 30 நாள்களுக்குள், அல்லது விடுதலையான ஒரு வாரத்துக்குள், உளநலப் பரிசோதனையும் நோயறிதலும் கட்டாயம். அவரைச் சேவைகளோடு இணைக்கும் பணி விடுதலைக்கு முன் 30 நாளும், பின் குறைந்தது 30 நாளும் நடக்க வேண்டும். விசாரணை முடியாதோருக்குச் செலவிடுவதை 5122ஆம் பிரிவு மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது.

கட்டாயப் பட்டியலில் நோயறிதல் உண்டு, சிகிச்சை இல்லை. தீர்ப்புக்குப் பின் காவலில் உள்ளோருக்கு 1965ஆம் ஆண்டுத் தொடரில் இன்றும் பெரிதும் நிற்கும் பகுதி அந்தச் சிகிச்சைச் செலவு விலக்கே.