நன்றி சொல்லிச் சொல்லி எழுதிய பயணம்: எகெரியாவின் கடிதம்

1884-ஆம் ஆண்டு. இத்தாலியில் அரெஸ்ஸோ என்கிற ஊரில் ஜான் பிரான்செஸ்கோ கமுரினி என்ற அறிஞர் ஒரு பழைய தோல் சுவடியைக் கண்டெடுத்தார். 11-ஆம் நூற்றாண்டில் மோன்தே கசினோ மடத்தில் எடுக்கப்பட்ட பிரதி அது. தொடக்க ஏடுகள் இல்லை. கடைசி ஏடுகளும் இல்லை. எழுதியவர் பெயரும் இல்லை. படித்துப் பார்த்தால், ஒரு பெண் ஊரில் இருக்கும் தன் சகோதரிகளுக்கு லத்தீனில் எழுதிய நீண்ட பயணக் கடிதம். சீனாய் மலை, எருசலேம், யூப்ரடீஸ் ஆறு, எடெசா என்று ஊர் ஊராகப் போகிறது.

யார் இந்த அம்மா என்று கண்டுபிடிக்க இன்னும் 20 ஆண்டுகள் ஆயின. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வலேரியஸ் என்ற துறவி, தன் சக துறவிகளுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், முன்னொரு காலத்தில் கீழைநாடுகளுக்குப் போய்வந்த ஒரு பெண்ணை வானளாவப் புகழ்ந்திருந்தார். அவர் சொல்லும் வழியும் சுவடியில் உள்ள வழியும் ஒத்துப்போவதை 1903-இல் பெரோத்தின் என்ற அறிஞர் காட்டினார். அப்படித்தான் எகெரியா என்ற பெயர் கிடைத்தது. பயணம் நடந்தது கி.பி. 381 முதல் 384 வரை என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் கணக்கு.

வலேரியஸ் அவரைக் கன்னியாஸ்திரீ என்கிறார். இல்லை, வசதியான வீட்டுப் பெண்மணிதான், 'சகோதரிகள்' என்பது பக்தியுள்ள தோழிகள் வட்டம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எதுவாக இருந்தாலும் சாதாரண ஆள் இல்லை. ஆபத்தான பாதையில் ரோமப் படைவீரர்கள் கோட்டைக்குக் கோட்டை துணைக்கு வருகிறார்கள். போகிற ஊரில் எல்லாம் பிஷப்மார் எதிர்கொண்டு அழைக்கிறார்கள்.

நான் இந்தக் கடிதத்தை முதலில் எடுத்தது எருசலேம் வழிபாட்டு வரலாற்றுக்காக. ஆனால் படிக்கப் படிக்க வேறொன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. இந்த அம்மா ஓயாமல் நன்றி சொல்கிறார். தகுதியில்லாத எனக்கு இதையெல்லாம் காட்டினாரே என்று கடவுளுக்கு நன்றி. வழிகாட்டிய துறவிகளுக்கு நன்றி. உடன் வந்த பிஷப்புக்கு நன்றி. முதலில் இது அந்தக் காலத்துப் பக்தி நடை, தாண்டிப் போய்விடலாம் என்றுதான் தோன்றும். தாண்டக்கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் செய்தி. அந்த நன்றிதான் அவருடைய ஞாபகத்தைக் கட்டிக் காத்திருக்கிறது.

சீனாயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஒரு சனிக்கிழமை மாலை சீனாய் அடிவாரத்துத் துறவிகளின் குடில்களுக்கு வந்து சேர்கிறார்கள். மறுநாள் காலை மலையேற்றம். சுற்றிச் சுற்றி மெல்ல ஏறும் பாதை இல்லை. சுவரில் ஏறுவது மாதிரி நேர்குத்தாக ஏற வேண்டும் என்கிறார். வாகனம் எதுவும் உதவாது, நடைதான். நாலாம் மணிக்கு, அதாவது நம் கணக்கில் காலை பத்து மணி வாக்கில், உச்சிக்குப் போய்விடுகிறார்கள். ஆசைப்பட்டதைக் கடவுள் நிறைவேற்றுகிறார் என்ற நினைப்பில் களைப்பே தெரியவில்லையாம்.

உச்சியில் ஒரு சின்னக் கோயில். பெரிதாகக் கட்ட அங்கே இடமில்லை. மோசே கட்டளைகளைப் பெற்ற பகுதியை வேதத்திலிருந்து வாசிக்கிறார்கள், நற்கருணை கொடுக்கிறார்கள். வெளியே வரும்போது குருமார் ஆளுக்குக் கொஞ்சம் பழங்களை ஆசீர்வாதமாகக் கொடுக்கிறார்கள். அந்தக் கல் மலையில் மரம் வைத்து, பாடுபட்டு வளர்த்த பழங்கள். இன்று நாம் சீனாய் என்றதும் நினைக்கும் புனித கத்தரீன் மடத்துக் கோட்டை அப்போது கட்டப்படவே இல்லை. அது 6-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் கட்டியது. அதற்கு முன்பு அங்கே என்ன இருந்தது, யார் இருந்தார்கள், என்ன பயிரிட்டார்கள் என்பதற்கு இந்தப் பழம் முக்கியமான சாட்சி. வாங்கிய பழத்துக்கு நன்றி சொல்ல நினைத்ததால்தான் பழமும் கடிதத்தில் ஏறியது.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஓர் இடத்துக்கு வந்ததும் முதலில் ஜெபம். அடுத்து அந்த இடத்துக்குரிய வேதப்பகுதி வாசிப்பு. பிறகு பொருத்தமான ஒரு சங்கீதம். மறுபடியும் ஜெபம். எங்கே போனாலும் இதே வரிசைதான். நினைவாற்றலுக்கு இதைவிட நல்ல பயிற்சி இருக்க முடியுமா, சொல்லுங்கள்! இடம், கதை, பாட்டு, நன்றி என்று நாலு முடிச்சு போட்டு ஒவ்வொரு ஊரையும் கட்டி வைத்துக்கொள்கிறார்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பயணி இருக்கிறார். கி.பி. 333-இல் இன்றைய பிரான்சிலுள்ள போர்தோவிலிருந்து எருசலேமுக்குப் போன ஒருவர். அவரும் கிறிஸ்தவர்தான். இத்தனையாவது மைலில் குதிரை மாற்றும் இடம், இத்தனையாவது மைலில் தங்குமிடம் என்று கணக்குப் பிசகாமல் எழுதி வைத்தார். பாதைகளை ஆராய்பவர்களுக்கு அது புதையல். ஆனால் வழியில் யாரைப் பார்த்தார், யார் சோறு போட்டார் என்று ஒன்றும் தெரியாது.

உப்புத்தூண் எங்கே?

இப்படி நன்றி சொல்கிறவர் காட்டியதையெல்லாம் நம்பிவிடுவாரே என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவுக்கு உண்மைதான். யோபுவின் கல்லறை, இஸ்ரவேலர் பொன் கன்றுக்குட்டியை வார்த்த இடம் என்று துறவிகள் காட்டியதை அப்படியே ஏற்றுக்கொள்கிறார். ஆனால் நேபோ மலைக்குப் போனபோது லோத்தின் மனைவி உப்புத்தூணாய் நின்ற இடம் இதுதான் என்று காட்டுகிறார்கள். எகெரியா பார்க்கிறார். தூண் இல்லை. சகோதரிகளிடம் பொய் சொல்ல எனக்கு மனமில்லை, இடத்தைத்தான் பார்த்தோம், தூணைப் பார்க்கவில்லை என்று பட்டென்று எழுதிவிடுகிறார். சில வருஷங்களாகவே அது தென்படவில்லை என்று சோவார் ஊர் பிஷப் சொன்னதையும் சேர்த்துக்கொள்கிறார். இத்தனை தூரம் வந்துவிட்டு, "பார்த்தேன்" என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? பெறாததற்கு அவர் நன்றி சொல்லவில்லை. அதனாலேயே பெற்றதாகச் சொல்வதை நம்பலாம் என்று தோன்றுகிறது.

தோமாவைத் தேடி எடெசாவுக்கு

நமக்கு நெருக்கமான பகுதி இனிமேல்தான். எருசலேமுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது, ஊர் திரும்பலாம் என்று கிளம்பியவர், சுற்று வழியாக மெசொப்பொத்தாமியாவுக்குத் திரும்புகிறார். காரணம், அப்போஸ்தலன் தோமாவின் உடல் எடெசாவில் இருக்கிறது. போகிற வழியில் யூப்ரடீஸ் ஆற்றைப் படகில் கடக்கிறார். ரோன் ஆறு மாதிரி ஓடுகிறது, ஆனால் அதைவிடப் பெரிது என்கிறார். அவர் ஐரோப்பாவின் மேற்குக் கோடியைச் சேர்ந்தவர் என்பதற்கு இது ஒரு தடயம்.

எடெசா என்பது இன்று துருக்கியிலுள்ள ஷான்லிஉர்ஃபா. தோமா இந்தியாவில் இரத்தசாட்சியாக மரித்தார், எலும்புகள் மேற்கே கொண்டுவரப்பட்டன என்பது சிரியக் கிறிஸ்தவர்களின் பழைய நம்பிக்கை. 373-இல் மறைந்த எபிரேம் என்ற கவிஞர், ஒரு வியாபாரி அவற்றை இந்தியாவிலிருந்து கொண்டுவந்ததாகப் பாடியிருக்கிறார். சென்னை சாந்தோமில் தோமாவின் கல்லறை என்று நாம் வணங்கும் இடத்தின் மறுமுனை அதுதான். இதையெல்லாம் வரலாற்று ஆதாரமாக நிறுவுவது கடினம். மரபு என்றே சொல்ல வேண்டும். ஆனால் 384-இல் ஒரு மேற்கத்தியப் பெண் தோமாவின் பெயருக்காக வழியை மாற்றிக்கொண்டு எடெசா போனது மரபு இல்லை, எழுத்தில் உள்ள செய்தி.

இத்தனை தூரத்திலிருந்து விசுவாசத்துக்காகக் கஷ்டப்பட்டு வந்திருக்கிறாயே மகளே என்று எடெசா பிஷப் நெகிழ்ந்து, ஊரைச் சுற்றிக் காட்டுகிறார். அரண்மனைக் குளத்தில் பெரிய பெரிய மீன்கள், பளபளவென்று. அப்படி ஒரு மீனை எங்கும் பார்த்ததில்லை என்கிறார் எகெரியா. அந்த ஊரில் இன்றைக்கும் மீன் குளம் இருக்கிறது. இப்போது அது இப்ராஹிம் நபியின் பெயரால் முஸ்லிம்கள் போற்றும் குளம். அந்த மீனை யாரும் பிடிப்பதில்லை. ஆட்சி மாறி, மதம் மாறி, மொழி மாறியும் அந்த ஊரில் மீனுக்கு மரியாதை குறையவில்லை.

எருசலேமின் குருத்தோலை

கடிதத்தின் இரண்டாம் பாதி முழுக்க எருசலேம் வழிபாடு. குருத்தோலை ஞாயிறு அன்று மாலை ஒலிவ மலையிலிருந்து ஊர்வலம் இறங்குகிறது. குழந்தைகள் கையில் பேரீச்ச ஓலையும் ஒலிவக் கிளையும். நடக்க முடியாத பொடிசுகள் பெற்றோரின் தோளில். முதியவர்கள் களைத்துவிடக்கூடாது என்று எல்லோரும் மெதுவாக நடக்கிறார்கள். நம் ஊர்க் கோயில்களில் தென்னங்குருத்தைச் சிலுவையாக மடித்துக்கொண்டு நடக்கிறோமே, அந்த வழக்கத்தை எருசலேமில் நேரில் கண்டு எழுதியவர்களில் மிகப் பழையவர் எகெரியாதான்.

பெரிய வெள்ளியன்று சிலுவை மரத்துண்டை பிஷப் இரு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். சுற்றிலும் காவல். ஏனென்றால் முன்பு யாரோ முத்தமிடுவது போல் குனிந்து ஒரு துண்டைக் கடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்! பிஷப் கிரேக்கத்தில் பேசுவார், ஒரு குரு உடனுக்குடன் சிரிய மொழியில் சொல்லுவார், லத்தீன் மட்டும் தெரிந்தவர்களுக்கு இருமொழி தெரிந்தவர்கள் விளக்குவார்கள் என்பதையும் குறித்திருக்கிறார். யாரும் புரியாமல் நிற்க வேண்டியதில்லை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி.

அவருடைய லத்தீன் பண்டித லத்தீன் இல்லை. பேச்சு கலந்தது. அதை வைத்தே லோப்ஸ்டெட் என்ற சுவீடன் அறிஞர் 1911-இல் ஒரு முழு உரைநூல் எழுதினார். பேச்சு லத்தீன் எப்படி ஸ்பானிஷ், பிரெஞ்சு போன்ற மொழிகளாக மாறியது என்று பார்க்க இது நல்ல சான்று.

நன்றியின் வரிசை

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். பிஷப்மாருக்கும் துறவிகளுக்கும் அலுக்காமல் நன்றி சொல்லும் எகெரியா, மூட்டை சுமந்தவர்களையும் கழுதை ஓட்டியவர்களையும் பற்றிப் பேசுவதே இல்லை. அவர்கள் இல்லாமல் அந்தப் பாலைவனத்தைத் தாண்டியிருக்க முடியாது. வழியில் பார்த்தவர்களில் அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதும் ஒரே ஒருவரைத்தான். செலூக்கியாவில் புனித தெக்லா கோயிலருகே கன்னியர் மடங்களை நடத்திய மார்த்தானா. எருசலேமில் முன்பே பழக்கமான தோழி. மறுபடி சந்தித்தபோது இருவருக்கும் உண்டான சந்தோஷத்தை எழுத முடியுமா என்று கேட்கிறார். வரலாற்றில் மார்த்தானா பிழைத்திருக்க முக்கியக் காரணம் இந்தக் கடிதம்.

கடலூர்ப் பக்கம் இருந்த என் பாட்டி வேளாங்கண்ணிக்குக் கூட்டத்தோடு நடந்து போவார். போய்ச் சேர்ந்ததும் இன்லேண்ட் லெட்டர் போடுவார். "ஆண்டவர் கிருபையால் சுகமாய் வந்து சேர்ந்தோம்" என்று ஆரம்பித்து, வரிசையாக மனுஷர்கள் வருவார்கள்: சீர்காழியில் காலுக்கு எண்ணெய் கொடுத்த மருந்துக்கடைக்காரர், நாகூரில் வெயில் நேரத்தில் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்த பாய் வீட்டு அம்மா. கோயில் எப்படி இருந்தது என்று ஒரு வரிகூட இருக்காது. அந்த வழியில் அன்று யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதை வேறு எந்த ஆவணத்தில் தேடுவது? உங்கள் வீட்டிலும் இப்படி லெட்டர் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

எகெரியாவின் பயணப் பகுதி கான்ஸ்டாண்டிநோபிளில் முடிகிறது. அங்கேயும் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு, அடுத்தபடியாக எபேசுவில் யோவானின் கல்லறைக்குப் போக எண்ணம் என்கிறார். உயிரோடு இருந்தால் நேரில் சொல்கிறேன், இல்லாவிட்டால் எழுதுகிறேன். நான் உடலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று சகோதரிகளைக் கேட்டுக்கொள்கிறார். எபேசுவிலிருந்து கடிதம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை.