ஒரு பிரதிக்காக எட்டயபுரம் வரை

ஒரு ராகத்தின் பெயரைத் தட்டினால் போதும், ஆரோகணம், அவரோகணம் எல்லாம் இணையத்தில் வந்து விழுகிறது. 1904-ல் இதே விஷயத்துக்கு ஒருவர் பம்பாயிலிருந்து எட்டயபுரம் வரை வர வேண்டியிருந்தது. அவர் விஷ்ணு நாராயண் பாத்கண்டே.

தொழில் வக்கீல். இந்துஸ்தானி ராகங்களை ஒழுங்காக வகைப்படுத்த வேண்டும் என்று ஆசை. வித்வான்களைக் கேட்டால் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். சரி, பழைய நூல்கள் என்ன சொல்கின்றன என்று பார்க்கலாம் எனக் கிளம்பிவிட்டார்.

ஆனால் எந்த நூல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதே பெரும்பாடு. தஞ்சாவூர் அரண்மனைச் சுவடிகளுக்காவது, அங்கே நீதிபதியாக இருந்த பர்னெல் தயாரித்த பட்டியல் 1880-ல் அச்சாகியிருந்தது. (அந்த சரசுவதி மகால் பொது நூலகமானது 1918-ல்தான்!) வீடுகளில் இருந்த சுவடிகளுக்குப் பட்டியல் ஏது?

அப்படி ஒரு வீட்டில் இருந்ததுதான் சதுர்தண்டி பிரகாசிகை. 17-ம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் ஆதரவில் வேங்கடமகி சமஸ்கிருதத்தில் எழுதியது. சுரங்களை விதவிதமாகச் சேர்த்துக் கணக்குப் போட்டு, மொத்தம் 72 மேளங்கள் வரும் என்று காட்டினார். அவர் காலத்தில் புழக்கத்தில் இருந்தவை 19 மட்டுமே! லெட்ஜரில் தலைப்பு மட்டும் எழுதிவிட்டு, கணக்கு பின்னால் வரும் என்று 53 பக்கங்களைக் காலியாக விட்ட மாதிரி :)

பிரதி இருந்தது சுப்பராம தீட்சிதரிடம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமிக்கு மகள் வயிற்றுப் பேரன். அவரே சுவீகாரமும் எடுத்துக்கொண்டார். பரம்பரையாக வந்த கீர்த்தனைகளை சுரக்குறிப்போடு, சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்று அதே 1904-ல் தெலுங்கில் அச்சிட்டவர். குடும்பச் சொத்தைப் பூட்டி வைக்கிற ஆள் இல்லை. தேடி வந்த பாத்கண்டேயும் வெறுங்கையோடு போகவில்லை, பிரதி கிடைத்தது. 1906-ல் தீட்சிதர் காலமானார். இரண்டு வருடம் தாமதித்திருந்தால்?

72 மேள யோசனை பாத்கண்டேயைப் பிடித்துக்கொண்டது. இந்துஸ்தானிக்கு அவர் வகுத்த 10 தாட் முறையில் அதன் சாயலைப் பார்க்கலாம். 1910-ல் அவர் எழுதிய லக்ஷ்ய சங்கீதம் சமஸ்கிருதத்தில், சதுர பண்டிதர் என்ற புனைபெயரில் வந்தது. ஆதாரம் தேடி ஊர் ஊராக அலைந்தவர், தன் பெயரை மட்டும் மறைத்துக்கொண்டார்!

சதுர்தண்டி பிரகாசிகையை மெட்ராஸ் மியூசிக் அகாடமி 1934-ல் வெளியிட்டது. இப்போது நூலகத்தில் கேட்டு வாங்கிப் படிக்கலாம். ஆனால் முழுசாக அல்ல. கடைசி அத்தியாயம் யாருக்கும் கிடைக்கவில்லை.