தன்னை ஒப்புவித்தலும் தலைவணங்காமையும்

கீரமங்கலம் என்ற பெயரைக் கேட்டவுடன் நக்கீரர் நினைவுக்கு வருதல் இயல்பு. ஊர்ப்பெயரிலேயே கீரர் இருக்கிறார் என்று இவ்வூரார் பெருமிதத்துடன் கூறுவர். மெய்ந்நின்றநாதர் கோயில் கொண்ட இவ்வூரில் சிவபெருமானுக்கு மட்டுமன்றி, அவரோடு வாதிட்ட புலவருக்கும் சிலை எழுந்துள்ளது. நெற்றிக்கண்ணைக் கண்டும் தம் கருத்தினின்று பிறழாதவர் அவர் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். தம் பாட்டின்மீது சொல்லப்பட்ட குற்றத்துக்கு விடை கூறாமல், சங்கறுக்கும் குலம் என்று புலவரின் பிறப்பைச் சுட்டி இறைவன் இகழ்ந்ததாக ஒரு தனிப்பாடல் மரபும் உண்டு. நம்மவர் அந்த இடத்தைக் கேட்கும்போது சற்று நின்றே கேட்பார்கள்.

அக்கதையின் பிற்பகுதியை மேடைகளில் எவரும் விரித்துரைப்பதில்லை. வெம்மை தாளாது பொற்றாமரைக் குளத்தில் வீழ்ந்த நக்கீரர் பின்னர் இறைவனைப் பாடிப் பணிந்தார் என்று திருவிளையாடற் புராணம் முடிக்கிறது. அப்பணிவு அச்சத்தால் வந்ததா, அறிவால் வந்ததா? இவ்வினாவை நக்கீரரோடு நிறுத்திவிடுதல் இயலாது. 'நான்' என்பதை விட்டொழிக்க வேண்டும் என்று எல்லாச் சமயப் பெரியோரும் கூறுகின்றனர். நம் இளைஞரோ, "ஆயிரம் ஆண்டுகளாக எங்களை 'நான்' என்று சொல்லவே விடவில்லை, இப்போதுதான் இரண்டு தலைமுறையாகப் பள்ளிக்கூடம் சென்று நிமிர்ந்து நிற்கிறோம், அதற்குள் அதையும் விடச் சொல்கிறீர்களா?" என்று கேட்கின்றனர். நியாயமான கேள்வி. இதற்கு விடை சொல்லாத ஆன்மிகப் பேச்சு நம் சமுதாயத்துக்குப் பயன்படாது.

நம் முன்னோர் பணிந்த பணிவு எத்தகையது என்பதை முதலில் நினைத்துப் பார்த்தல் வேண்டும். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது. காலில் கிடந்த செருப்பு கைக்கு ஏறியது. பேச வாய் திறந்தால் 'சாமி' என்ற சொல் முன்னே வந்து நின்றது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறைக்கு நீதிமன்றத்தில் இடமில்லை என்று விதித்த பின்னரும், பண்ணையாள், படியாள் என்ற பெயர்களில் அது நெடுங்காலம் நீடித்தது. தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளின் வயல்களில் அதை அறியாத குடும்பம் நம்மிடையே குறைவு. அது மனிதன் மனிதனுக்குச் செய்த பணிவு. கொடுத்தது அன்று, பறிக்கப்பட்டது. இக்காலத்தும் அது முற்றும் ஒழிந்ததென்று யார் சொல்வார்? 2022 டிசம்பரில் இதே மாவட்டத்து வேங்கைவயலில், நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனிதக்கழிவு கலக்கப்பட்டிருந்த செய்தியை நாடே கேட்டது.

இனி, புத்தர் பெருமானின் சங்கத்தில் நிகழ்ந்த ஒன்றைக் காண்போம். விநய பிடகத்தில் உள்ள செய்தி இது. அநுருத்தர், ஆனந்தர், பத்தியர், பகு, கிம்பிலர், தேவதத்தர் என்னும் சாக்கிய அரசகுமாரர் அறுவர் துறவு பூணப் புறப்பட்டனர். அவர்களுக்கு மயிர்வினை செய்யும் உபாலியும் உடன் சென்றார். எல்லையைக் கடந்ததும் தம் அணிகலன்களைக் கழற்றி ஒரு மூட்டையாகக் கட்டி, "இவை உன் வாழ்வுக்குப் போதும், திரும்பிப் போ" என்று அவரிடம் கொடுத்தனர். உபாலி சிறிது தொலைவு நடந்தார். சாக்கியர் கடுஞ்சினத்தர், அரசகுமாரரைக் கொன்றுவிட்டு நகைகளோடு வந்தான் என்று தம்மைக் கொன்றுவிடுவர் என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. ஏவல் தொழில் செய்தவன் கையில் பொன் இருந்தால் அது திருட்டுப் பொன்னே என்று கொள்ளும் உலகம் அன்றும் இருந்தது போலும்! மூட்டையை ஒரு மரத்தில் தொங்கவிட்டு, வேண்டுவோர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுத்து, அவரும் துறவு நாடித் திரும்பினார்.

எழுவரும் புத்தரை அடைந்தனர். அப்போது அரசகுமாரர் ஒரு வேண்டுகோள் விடுத்தனர். தாங்கள் செருக்குடைய குலத்தார் என்றும், உபாலி நெடுங்காலம் தங்களுக்கு ஏவல் செய்தவர் என்றும், அவருக்கே முதலில் துறவு அளிக்க வேண்டும் என்றும் கேட்டனர். சங்கத்தில் முன்னர்ச் சேர்ந்தவருக்குப் பின்னர்ச் சேர்ந்தவர் எழுந்து நின்று வணங்குதல் முறை. ஆகவே உபாலி முந்திச் சேர்ந்தால் தாங்கள் வாழ்நாள் முழுதும் அவரை வணங்க நேரும். அதனால் தங்கள் சாக்கியச் செருக்கு அடங்கும் என்பது அவர்கள் கருத்து. புத்தரும் அவ்வாறே செய்தார்.

இந்நிகழ்ச்சியில் 'தன்னை விடுதல்' யாருடைய கடமையாக இருந்தது என்பதை நோக்குக. உபாலியை நோக்கி உன் ஆணவத்தை விடு என்று எவரும் சொல்லவில்லை. அரசகுமாரருக்குப் பிறப்பே 'நான்' ஆகியிருந்தது. விட வேண்டியது அதுவே. அதைக் கழற்றுதல் பொன்னைக் கழற்றுவதினும் அரிது என்று அவர்களே உணர்ந்திருந்தனர்.

பௌத்தத்தின் அநாத்மக் கொள்கையை இவ்வொளியில் கற்றல் வேண்டும். மணிமேகலை நூலும் கூறும் ஐந்து கந்தங்களாவன உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு. இவ்வைந்தின் கூட்டமே மனிதன். இவற்றுள் எதுவும் நிலையான 'நான்' அன்று என்பது சாரநாத்தில் ஐவர்க்கு உரைத்த இரண்டாம் பேருரையின் பொருள். மிலிந்தன் என்ற கிரேக்க அரசனுக்கு நாகசேனர் இதைத் தேரை வைத்து விளக்கினார். நம் ஊர் மாட்டு வண்டியை வைத்தும் விளக்கலாம். சக்கரம் வண்டியா? அச்சு வண்டியா? நுகத்தடியா? தனித்தனியே எதுவும் வண்டி அன்று. சேர்ந்து ஓடும்போது வண்டி என்கிறோம். அங்ஙனமாயின், பிறந்த கணத்திலேயே ஒருவனுக்குள் உயர்ந்த குலம் என்றும், மற்றொருவனுக்குள் தீட்டு என்றும் மாறாத பொருள் எங்கே ஒட்டிக்கொண்டிருக்க முடியும்? 'நான்' நிலையற்றது என்றால் 'நான் மேற்சாதி' என்பதும் நிலையற்றது. 'நான் கீழ்ச்சாதி' என்று நம் உள்ளத்தில் ஊட்டப்பட்டதும் நிலையற்றது. சாதியின் வேரில் விழும் கோடரி இக்கொள்கையில் உள்ளது என்பது என் துணிபு.

புத்தம், தருமம், சங்கம் என்னும் மும்மணிகளைச் சரணம் அடைதலும் ஓர் ஆண்டானிடம் விழுதல் ஆகாது. இறுதி நாள்களில் ஆனந்தரிடம், உங்களுக்கு நீங்களே புகலிடமாக இருங்கள் என்ற பொருளில் புத்தர் அறிவுரை கூறியிருக்கிறார். சரணடைந்தவனை நோக்கி உன் காலில் நில் என்று சொன்ன ஆசான் அவர்.

இஸ்லாம் செல்லும் வழி வேறு. 'இஸ்லாம்' என்ற சொல்லுக்கே இறைவனுக்குத் தன்னை ஒப்புவித்தல் என்பது பொருள். பௌத்தம் படைப்புக் கடவுளை ஏற்பதில்லை. இஸ்லாமோ ஒரே இறைவன் என்பதையே அடித்தளமாகக் கொண்டது. இரண்டும் ஒன்றே என்று மேடை நயத்துக்காகக் கூறுவோர் உளர். அது இரண்டையும் கல்லாதவர் கூற்று. ஆயினும் ஒப்புவித்தல் மனிதனிடம் செய்வதற்குரியது அன்று என்பதில் இரண்டும் உடன்படுகின்றன.

அதற்குச் சான்று பிலால் அவர்கள். அபிசீனிய வழியினர், கறுப்பர், மக்காவில் உமையா என்ற செல்வனின் அடிமை. நபிகள் நாயகத்தின் கொள்கையை ஏற்றார் என்பதற்காக, நண்பகல் வெயிலில் சுடுமணலில் கிடத்தி நெஞ்சின்மேல் பாறாங்கல்லை ஏற்றினான் உமையா. 'ஒருவனே, ஒருவனே' என்ற பொருளுடைய ஒரு சொல்லையே பிலால் திரும்பத் திரும்பச் சொன்னார். தன்னை இறைவனிடம் முழுவதும் கொடுத்துவிட்டவரிடம், உமையா பறித்துக்கொள்ள எதுவும் எஞ்சவில்லை. அபூபக்கர் அவர்கள் அவரை மீட்டு விடுதலை செய்தார்கள். பின்னர் மதீனாவில் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் பணி அவருக்கே அளிக்கப்பட்டது. 630ஆம் ஆண்டு மக்கா வெற்றிகொள்ளப்பட்டபோது, கஅபாவின்மேல் ஏறி நின்று பாங்கு சொன்னவரும் அவரே. குறைஷிப் பெருமக்களில் சிலருக்கு அக்காட்சி பொறுக்கவில்லை என்று வரலாறு கூறுகிறது. பொறுக்குமா? நம் ஊர்க் கோயில் தேரின் வடத்தை யார் தொடுவது என்பதில் எழும் சச்சரவுகளைக் கண்டவர்க்கு அதன் பொருள் விளங்கும்.

ஐந்து வேளைக் கடமைத் தொழுகையில் ஒரு முஸ்லிம் நாள்தோறும் 34 முறை நெற்றியை நிலத்தில் பதிக்கிறார். செல்வரும் கூலியாளும் தோளோடு தோள் சேர ஒரே வரிசையில் அதைச் செய்கின்றனர். பக்கத்தில் நிற்பவர் முன் குனிவதன்று அது. பக்கத்தில் நிற்பவரோடு சேர்ந்து குனிவது. நம் முன்னோர் குனிந்தபோது எதிரே ஒருவன் நிமிர்ந்து நின்றான். இங்கு நிமிர்ந்து நிற்பவன் எவனும் இல்லை.

சூபி ஞானியர் இவ்வொப்புவித்தலை மேலும் உள்ளே கொண்டு சென்றனர். 'நான்' இறைவனில் கரைந்தொழியும் நிலையை அவர்கள் 'பனா' என்றனர். நம் கடற்கரைக்கு அண்மையிலுள்ள தொண்டிப் பகுதியில் வசதியான குடும்பத்தில் தோன்றிய குணங்குடி மஸ்தான் சாகிபு, அனைத்தையும் துறந்து பக்கீராகி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடசென்னையில் வாழ்ந்தார். குப்பைமேட்டில் கிடந்த அவரைத் தேடி வந்து வணங்கியோருள் முஸ்லிம் அல்லாதாரும் பலர். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். உயர்குலத்துப் புலவர் ஒருவர் ஒரு பக்கீரைக் குருவாகப் போற்றியது உபாலியின் கதையைச் சற்றே நினைவூட்டும். திருமயம் வட்டத்துக் காட்டுபாவா பள்ளிவாசலில் அடங்கியிருப்பவரைப் பற்றியும், கள்வரிடம் சிக்கிய பெண்களைக் காக்க முனைந்து உயிர் கொடுத்தவர் என்று நம் வட்டார மரபு கூறும். அதுவும் ஒருவகைத் தன்னொப்புவிப்பு. அங்கே எல்லாச் சாதியாரும் சென்று வழிபடுகின்றனர்.

இவ்விரு நெறிகளும் எங்கிருந்தோ நேற்று வந்தவை என்று எண்ணற்க. சோழன் முதலாம் இராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்தது. ஆனைமங்கலம் என்ற ஊர் அதற்கு அளிக்கப்பட்டதை லெய்டன் செப்பேடு கூறுகிறது. அங்கிருந்து கூப்பிடு தொலைவு எனலாம், நாகூர் தர்கா. அந்நகரில் எஞ்சி நின்ற பௌத்தக் கோபுரம் 1867ஆம் ஆண்டு இடிக்கப்பட்டது.

அது இடிந்து 31 ஆண்டுகள் கழித்து, 1898இல், அயோத்திதாசப் பண்டிதர் கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு சென்றார். அங்கே சுமங்கல மகாநாயகரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினார். நம் மக்கள் பூர்வ பௌத்தர் என்பது அவர் கொள்கை. புதிதாக ஒருவரிடம் சரணடைவதாக அவர் கருதவில்லை. இழந்த வீட்டுக்குத் திரும்புவதாகவே கருதினார். 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் கோலார் தங்கவயல் தொழிலாளர்வரை சென்று இக்கருத்தைப் பரப்பியது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் மும்மணிகளைச் சரணடைந்தபோதும், தலைவணங்கிய அக்கணமே இலட்சக்கணக்கானோர் தலைநிமிர்ந்த கணமாயிற்று. 1981 பிப்ரவரியில் செங்கோட்டைக்கு அருகிலுள்ள மீனாட்சிபுரத்தில் நம்மவர் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்தைத் தழுவினர். பணத்துக்காக மாறினர் என்று அந்நாளில் எழுதியோர் பலர். அவ்வூரார் சொன்ன காரணமோ மரியாதை.

மறைக்காமல் சொல்ல வேண்டியதும் உண்டு. உபாலியை முன்னிருத்திய அதே சமயத்தில், இலங்கையின் சியாம் நிகாயம் கொய்கம சாதியாருக்கே உபசம்பதை அளிப்பதாயிற்று. ஏனைச் சாதியைச் சேர்ந்த துறவிகள் பர்மா சென்று உபசம்பதை பெற்றுத் திரும்பி, 1803இல் அமரபுர நிகாயத்தைத் தோற்றுவிக்க நேர்ந்தது. இந்திய முஸ்லிம்களிடையிலும் குலப்பிரிவினை இல்லையென்று சொல்வதற்கில்லை. சட்டமும் தன் பங்குக்கு ஒரு கோடு கிழித்துள்ளது. 1950ஆம் ஆண்டு ஆணைப்படி அமைந்த பட்டியல் சாதி உரிமை, 1990ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பௌத்தம் தழுவியோர்க்குக் கிடைக்கிறது. இஸ்லாம் தழுவியோர்க்குக் கிடைப்பதில்லை. கல்வி உதவித்தொகைக்கு மனு எழுதும் மாணவன் இதை அறிந்திருத்தல் நன்று. எந்நெறியைத் தழுவுவது, அல்லது எதையும் தழுவாதிருப்பது, அவரவர் அறிவுக்கு உட்பட்டது. ஒருவர் தம்மை எங்கு ஒப்புவிக்கிறார் என்பதை அவரே தேர்தல் வேண்டும். நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்டது அத்தேர்வே.

புத்தர் மறைந்த பின் இராசகிருகத்தில் 500 பிக்குகள் கூடினர். அவருடைய மொழிகள் மறையாதபடி தொகுக்க வேண்டும் என்பது நோக்கம். தலைமை தாங்கிய மகாகாசியபர் முதலில் விநயம் என்னும் ஒழுக்க நெறியை எடுத்துக்கொண்டு, அதைக் கூறுமாறு உபாலியை அழைத்தார். ஒவ்வொரு விதியும் எங்கே, யாரைக் குறித்து, எதன்பொருட்டு எழுந்தது என்று காசியபர் வினவ, உபாலி விடை கூறினார். அவை முழுதும் கேட்டிருந்தது. அவர் கூறி முடித்த பின்னரே, சாக்கிய அரசகுமாரரான ஆனந்தரின் முறை வந்தது.