காசில்லாத காலத்தில் இரண்டு முதலமைச்சர்கள்

என் அப்பா குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் ஓராசிரியர் பள்ளி வாத்தியார். 1953-இல் முதலமைச்சர் ராஜாஜியின் தொடக்கக் கல்வித் திட்டம் வந்ததும் அவருடைய வருகைப் பதிவேடு இரண்டானது. காலையில் பாதிப் பிள்ளைகள், பிற்பகலில் மீதிப் பாதி. ஒவ்வொரு பிரிவுக்கும் மூன்று மணி நேரந்தான் படிப்பு. மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைப் பழக வேண்டும். நெசவாளி மகன் தறியடியில் உட்கார்ந்து தார் சுற்றினான்.

ராஜாஜிக்கும் கல்வி பரவ வேண்டும் என்றுதான் ஆசை. கஜானாவில் பணமில்லை; இருக்கிற கட்டடத்தையும் வாத்தியாரையும் வைத்தே கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று கணக்குப் போட்டார். ஆனால் நேரம் குறைந்தது கிராமத்துப் பிள்ளைக்கு மட்டும். பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் மணி பழையபடியே அடித்தது. இதைக் குலக்கல்வி என்று பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தது முழுக்க நியாயம் என்றே நான் நினைக்கிறேன். திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்குச் சட்டமன்றத்தில் ஆதரவு 138, எதிர்ப்பும் 138.

1954-இல் ராஜாஜி முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் போட்டியில் காமராஜர் 93 வாக்கு, ராஜாஜி ஆதரவு பெற்ற சி. சுப்பிரமணியம் 41. தோற்றவரிடமே கல்வித் துறையைக் கொடுத்தார் முதலமைச்சரான காமராஜர். ராஜாஜி அமைச்சரவையில் இருந்தபோது திட்டத்துக்காக வாதாடிய அதே சி.எஸ்.தான் மே 18 அன்று அது கைவிடப்பட்டதாக அறிவித்தார். சில மாதங்களில் காமராஜர் எங்கள் குடியாத்தத்தில் இடைத்தேர்தலுக்கு நின்றார். எதிரே கம்யூனிஸ்ட் வேட்பாளர், பெரியாரும் தி.மு.க.வும் காமராஜர் பக்கம். அமோகமாக ஜெயித்தார்.

காமராஜர் வந்ததால் கஜானா நிரம்பிவிடவில்லை. அவர் பள்ளி நேரத்தைக் குறைக்காமல் ஊராரிடம் கையேந்தினார். பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். பள்ளிக்கு என்னென்ன தேவை என்று வாத்தியார்கள் பட்டியல் எழுத, ஊரார் பொறுப்பேற்றார்கள். அப்பாவின் பட்டியல் என்னிடம் இருக்கிறது: கரும்பலகை ஒன்று, வெண்கல மணி, தண்ணீர்ப் பானை இரண்டு, கூரைக்கு ஓலை, சீருடைத் துணி. துணிக்கு நேரே நெசவாளர்கள் பெயர். பள்ளிப் பிள்ளைகளுக்கான மதிய உணவுத் திட்டமும் ஊரார் அளந்த நெல்லிலும் கேழ்வரகிலும்தான் கால் ஊன்றியது.

ஆனால் கொடையை மட்டுமே நம்பினால் பணக்கார ஊருக்கு ஓட்டுக் கட்டடம், வறண்ட ஊருக்குப் புளிய மரத்தடிதான். மதிய உணவுச் செலவில் அரசும் பங்கு போட்ட பிறகுதான், தானியம் தர வழியில்லாத ஊரிலும் பள்ளி அடுப்பு புகைந்தது.