தந்தி முதல் கட்டளை வரி வரை: கிள்ளான் பள்ளத்தாக்கின் ஒரு தொழில் மரபு

கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே செய்திகள் இன்று ஒளியிழைகளின் வழியே விரைகின்றன. அவற்றுக்கு வழிகாட்டும் ரவுட்டர் முதலிய கருவிகளை அமைக்கும் பொறியாளர், வண்ணப் படங்கள் நிறைந்த திரையைப் பெரும்பாலும் நாடுவதில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளையை எழுதி அனுப்புகின்றனர். கருவியும் ஒரு வரியில் விடை கூறுகின்றது. இத்தனை புதுமையான துறையில் இத்தனை பழைய முறை நிலைத்தது ஏன்? விடை தந்தியின் வரலாற்றில் இருக்கின்றது.

சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி 1871-இல் எட்டியது. சிலாங்கூரின் தலைநகர் 1880-இல் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறிற்று. 1886-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-இல் கோலாலம்பூருக்கும் புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடியது. 1890-இல் ஆற்றைக் கடந்து கிள்ளானை அடைந்தது. ஒற்றைப் பாதையில் வண்டிகள் எதிரெதிரே வாராமல் காப்பது இரயில்வேயின் முதற்கடமை. அதற்கெனப் பிறந்ததே 'லைன் கிளியர்' முறை. அடுத்த நிலையம் ஒப்புதல் தராத வரை வண்டி புறப்படலாகாது. கேள்வியும் குறுகியது, விடையும் குறுகியது. ஆயின், அதில் ஒரு பிழை நேரின் உயிர்கள் போகும்.

1901-இல் மலாய்க் கூட்டு மாநில இரயில்வேயின் முதல் தலைமை நிர்வாகியான ஸ்பூனர், முன்னர் இலங்கையில் பணி புரிந்தவர். அக்காலத்தில் யாழ்ப்பாணத் தமிழர் பலர் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் அமர்ந்தனர். தமிழகத் தொழிலாளர் பாதை அமைத்தனர். செங்கற்சூளையால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், இரயில்வே ஊழியரின் குடியிருப்பாயிற்று.

தந்தியின் வழித்தோன்றல் டெலிபிரிண்டர். தொடக்க காலக் கணினிகளுடன் மனிதர் உரையாடியது பெரும்பாலும் அதன் வாயிலாகவே. பின்னர்த் தாளின் இடத்தைத் திரை பிடித்தது. வரிக்கு வரி பேசும் வழக்கம் மட்டும் மாறவில்லை. இன்றைய கருவிகளில் காணும் 'டி.டி.ஒய்.' என்னும் குறி, டெலிடைப் என்பதன் சுருக்கமே. மலேசியாவில் 1985-இல் மிமோஸ் நிறுவப்பெற்றது. அதன் ஜாரிங் வலையமைப்பு 1990-களில் நாட்டை இணையத்தோடு பிணைத்தது.

பழைமைப் பற்று மட்டும் இம்முறையைக் காக்கவில்லை. எழுதிய கட்டளையைச் சேமித்து வைக்கலாம், ஒப்பிடலாம், நூறு கருவிகளுக்கு அப்படியே அனுப்பலாம். இணைப்பு மிக மெதுவாக இருந்தாலும் அது போதும். இடரும் அதிலேயே உண்டு. 2021 அக்டோபர் 4-இல் பேஸ்புக் நிறுவனத்தின் பராமரிப்புப் பணியில் இட்ட ஒரு கட்டளை, அதன் தகவல் மையங்களின் இணைப்பையே அறுத்தது. சரிபார்க்கும் கருவியும் பிழையால் அதைத் தடுக்கவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரம் சேவைகள் முடங்கின; பொறியாளர் தகவல் மையங்களுக்கு நேரிலேயே செல்ல நேர்ந்தது.

ஆகவே, தேர்ந்த பொறியாளர் தொலைவிலுள்ள கருவியை மாற்றுமுன் ஒரு கெடு வைக்கின்றனர். குறித்த நிமிடங்களுக்குள் தாம் உறுதி செய்யாவிடில், கருவி தானே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். மறுமுனையின் ஒப்புதல் இன்றி எதுவும் நிலைபெறாது என்னும் இவ்விதி, 'லைன் கிளியர்' விதியின் மறுபிறப்பு எனலாம்.

பிரிக்பீல்ட்ஸின் பழைய இரயில் முற்றத்தில் 2001-இல் கே.எல். சென்ட்ரல் எழுந்தது. தந்திக் கருவிகள் மறைந்துவிட்டன. ஆயினும், சொல்லைச் சுருக்கி, பொருளைத் திருத்தி, விடைக்குக் காத்திருந்த அந்த நிலைய அதிபர்களின் ஒழுங்கு மறையவில்லை. அது மறையும் நாளில், எத்துணை விரைவான கம்பியும் பயன்படாது.